கீனாய் ஆற்றுக்கு சால்மன் பிடிக்கப் போகிறவர்களுக்கு

அலாஸ்காவுக்கு மீன் பிடிக்கப் போகிறேன் என்றதும் நண்பர்கள் கேட்கிற முதல் கேள்வி, "என்ன ராட் வாங்கியிருக்கே?" என்பதுதான். ராட் என்றால் தூண்டில் கோல். நானும் அங்கிருந்துதான் ஆரம்பித்தேன். மூன்று மாதம் ராட், நரம்பு சுற்றும் ரீல், தூண்டில் நரம்பு என்று துருவித் துருவிப் படித்துவிட்டு, விமான டிக்கெட் மலிவாகக் கிடைத்ததே என்று ஜூன் கடைசி வாரத்தில் போய், ஆற்றங்கரை ஊரான சோல்டோட்னாவில் இறங்கினேன். ஆறு இருந்தது, ராட் இருந்தது. மீன்தான் இல்லை. ஐந்து நாள் கரையில் நின்று கொசுவுக்கு ரத்ததானம் செய்துவிட்டு ஊர் திரும்பினேன். மூன்று வாரம் கழித்துப் போயிருந்தால் அதே கரையில் தோளோடு தோள் உரச ஆட்கள் நின்றிருப்பார்கள், ஆளுக்கு மூன்று மீன் தூக்கியிருப்பார்கள்.

அதனால் இந்தக் கட்டுரையில் ராட் கடைசியில்தான் வரும். முதலில் தேதி.

எந்த மீன், எப்போது

கீனாய் ஆறு ஆங்கரேஜுக்குத் தெற்கே, கீனாய் தீபகற்பத்தில் ஓடுகிறது. கீனாய் ஏரியில் கிளம்பி, நடுவில் ஸ்கிலாக் ஏரிக்குள் புகுந்து வெளியே வந்து, சுமார் 82 மைல் ஓடி குக் இன்லெட் கடலில் சேர்கிறது. பனிப்பாறை அரைத்த மாவு கலந்த தண்ணீர். மயில்கழுத்து நீலமும் பச்சையும் சேர்ந்த நிறம். படத்தில் பார்த்தால் கணினியில் நிறம் ஏற்றியது போலிருக்கும். நேரிலும் அப்படித்தான் இருக்கிறது.

இந்த ஆற்றின் பெயரைக் கேட்டதும் பலருக்கு ராஜ சால்மன், அதாவது கிங், நினைவுக்கு வரும். 1985 மே 17 அன்று லெஸ் ஆண்டர்சன் என்ற உள்ளூர்க்காரர் இங்கே பிடித்த கிங் 97 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது 44 கிலோ. தூண்டிலில் பிடிபட்ட கிங் சால்மன்களில் இன்றுவரை உலக சாதனை அதுதான். பாடம் செய்த அந்த மீனை சோல்டோட்னாவில் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள், போய்ப் பாருங்கள். ஆனால் கிங்கை நம்பித் திட்டம் போடாதீர்கள். வரத்து வெகுவாகக் குறைந்துபோய், சில ஆண்டுகளாகவே அதைப் பிடிக்கத் தடை போட்டபடி இருக்கிறார்கள்.

புதியவர்களுக்கு உரியது சாக்கை சால்மன். சிவப்பு சால்மன் என்றும் சொல்வார்கள், உள்ளூரில் வெறும் "ரெட்". இரண்டரை, மூன்று கிலோ இருக்கும். ஏரியில் ஓரிரு ஆண்டு, கடலில் இரண்டு மூன்று ஆண்டு வளர்ந்து, பிறந்த ஆற்றுக்கே திரும்பி முட்டையிட்டுச் செத்துப்போகும். இதைப் பிடிக்கப் படகு வேண்டாம், வழிகாட்டி வேண்டாம், கரையில் நின்றாலே போதும். அதுதான் இதை நான் சிபாரிசு செய்யக் காரணம்.

சாக்கை இரண்டு தவணையாக வருகிறது. முதல் தவணை ஜூனில். இது பெரும்பாலும் ஆற்றின் மேல்பகுதியில் கூப்பர் லாண்டிங் என்ற ஊர் அருகே கீனாயில் வந்து சேரும் ரஷ்யன் ஆற்றுக்குப் போகிற கூட்டம். அங்கே ஜூன் 11-ல் பருவம் திறக்கும். இரண்டாம் தவணைதான் பெரியது. ஜூலை நடுவில் தொடங்கி மாத இறுதிவரை முகத்துவாரத்தில் நுழைந்துகொண்டே இருக்கும். நான் போனது இந்த இரண்டுக்கும் நடுவில், வீட்டில் யாருமில்லாத நேரத்தில்.

ஒரே ஒரு பயணம்தான் போக முடியும் என்றால் ஜூலை 18 முதல் 28 வரை ஏதோ ஒரு வாரத்தைப் பிடியுங்கள். பள்ளி விடுமுறை, அலுவலக விடுப்பு எல்லாவற்றையும் அதைச் சுற்றி வளையுங்கள். ஆகஸ்டு நடுவுக்கு மேல் கோஹோ என்ற வெள்ளி சால்மன் வரும், செப்டம்பரிலும் இருக்கும். கூட்டம் குறைவு, மழை அதிகம். அது இரண்டாம் பயணத்துக்கு.

மீனை எண்ணிச் சொல்லும் ஆறு

கீனாயின் பெரிய வசதி, உள்ளே எத்தனை மீன் வந்திருக்கிறது என்று தினமும் தெரியும். முகத்துவாரத்திலிருந்து 19-ஆவது மைலில் அலாஸ்கா மீன், வேட்டைத் துறை ஒலியலைக் கருவி வைத்து, தாண்டிப் போகிற சாக்கைகளை எண்ணுகிறது. ஜூலை தொடக்கத்தில் எண்ணத் தொடங்குவார்கள். நேற்றைய எண்ணிக்கை இன்று துறையின் இணையதளத்தில் இருக்கும். சாதாரண நாளில் சில ஆயிரம், நல்ல நாளில் ஐம்பதாயிரம், உச்ச நாளில் லட்சத்தையும் தாண்டும்.

என் சொந்தக் கணக்கு இது: முப்பதாயிரத்தைத் தாண்டினால் கற்றுக்குட்டிக்கும் மீன் கிடைக்கும். பத்தாயிரத்துக்குக் கீழே என்றால் அனுபவசாலிக்குக் கிடைக்கும், நமக்குக் கை வலிதான் மிச்சம். சோல்டோட்னா நகரம் அந்தக் கருவிக்கு ஓரிரு மைல் மேலே இருப்பதால் எண்ணிக்கை உயர்ந்த அன்றே அங்கே மீன் இருக்கும். கூப்பர் லாண்டிங்வரை ஏறிப்போக இன்னும் பல நாள் ஆகும். எண்ணிக்கை எகிறிய செய்தி கேட்டு மறுநாளே ரஷ்யன் ஆற்றங்கரையில் போய் நின்றால் வெறும் தண்ணீர்தான்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. கடலில் வணிகப் படகுகள் வலை போட வழக்கமான நாட்கள் திங்களும் வியாழனும். வலை விழுந்த நாளுக்குப் பின் ஆற்றில் எண்ணிக்கை கொஞ்சம் இறங்குவது உண்டு. பார்த்துப் பதறாதீர்கள்.

உரிமமும் ஆணைகளும்

வெளியூர்க்காரர்களில் 16 வயது நிறைந்த எல்லோருக்கும் மீன்பிடி உரிமம் வேண்டும். ஒரு நாள், மூன்று நாள், ஏழு நாள், பதினான்கு நாள், ஓராண்டு என்று கிடைக்கும். துறையின் தளத்திலேயே வாங்கி ஃபோனில் வைத்துக்கொள்ளலாம். நான் காகிதத்திலும் ஒன்று அச்சடித்து வைத்துக்கொள்வேன். ஆற்றில் விழுந்த ஃபோன் உரிமம் காட்டாது.

சாக்கைக்கு வழக்கமான வரம்பு ஆளுக்கு நாளைக்கு மூன்று மீன், மொத்தமாகக் கைவசம் வைத்திருக்க ஆறு மீன். வரத்து பலமாக இருந்தால் துறை "அவசர ஆணை" போட்டு வரம்பை உயர்த்தும். வரத்து சோர்ந்தால் குறைக்கும், மூடவும் செய்யும். அச்சடித்த விதிப்புத்தகத்தைவிட இந்த ஆணைக்குத்தான் அதிகாரம். அதனால் தினமும் காலையில் காபியோடு இரண்டு பக்கங்களைப் பார்க்கப் பழகுங்கள்: நேற்றைய எண்ணிக்கை, இன்றைய ஆணை.

வாயில் தூண்டில் முள் மாட்டிய மீன்தான் உங்களுடையது. முதுகில், வாலில், வயிற்றில் மாட்டினால் எவ்வளவு பெரிய மீனானாலும் உடனே தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும். காவலர்கள் சாதாரண உடையில் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

ஜூலையில் முகத்துவாரக் கடற்கரையில் குடும்பம் குடும்பமாக, பெரிய வளைய வலையோடு இடுப்பளவு நீரில் நின்று மீனை அள்ளுவதைப் பார்ப்பீர்கள். பார்த்ததும் கை துறுதுறுக்கும். அது அலாஸ்காவில் குடியிருப்பவர்களுக்கு மட்டுமான உரிமை. பார்வையாளர் வலையைத் தொட்டு உதவக்கூடப் போக வேண்டாம்.

போக்குவரத்து, தங்குமிடம்

ஆங்கரேஜில் இறங்கி வாடகைக் கார் எடுங்கள். ஜூலையில் கார் கிடைப்பது அறை கிடைப்பதைவிடக் கஷ்டம். அதை முதலில் பதிவு செய்யுங்கள். சீவர்ட் நெடுஞ்சாலையில் டர்னகெய்ன் கடற்கழியை ஒட்டியே போய், டெர்ன் ஏரியில் ஸ்டெர்லிங் நெடுஞ்சாலைக்குத் திரும்ப வேண்டும். கூப்பர் லாண்டிங் சுமார் 100 மைல், சோல்டோட்னா சுமார் 150 மைல். மூன்று மணி நேரம் என்று வரைபடம் சொல்லும். வழியில் நிறுத்தி நிறுத்திப் பார்க்காமல் போக உங்களால் முடிந்தால் அது சரி.

முதல் முறைக்கு சோல்டோட்னாவே நல்லது. நகரத்துக்குள்ளேயே பூங்காக்களில் கரையோரமாகக் கம்பி நடைமேடையும், தண்ணீருக்குள் இறங்க இரும்புப் படிக்கட்டும் கட்டியிருக்கிறார்கள். லட்சக்கணக்கான கால்கள் மிதித்துக் கரை சரிந்து, குஞ்சு மீன்கள் ஒதுங்கும் புல்வேர்கள் போய்விட்டதால் வந்த ஏற்பாடு இது. பல இடங்களில் ஜூலை 1 முதல் ஆகஸ்டு 15 வரை கரையில் நின்று மீன் பிடிக்கவே கூடாது. பலகை இருக்கும், படியுங்கள்.

கூப்பர் லாண்டிங் பக்கம் காடும் மலையுமாக இருக்கும், அழகு அதிகம், கரடியும் அதிகம். ரஷ்யன் ஆறு கீனாயில் கலக்கிற இடத்துக்கு அக்கரை போக ஒரு சின்னப் படகு ஓடுகிறது. எதிரும் புதிருமாகக் கட்டிய வடத்தைப் பிடித்துக்கொண்டு, ஆற்றோட்டத்தின் தள்ளலிலேயே அக்கரை சேர்கிறது. மீன் கிடைக்காவிட்டாலும் அதில் ஒரு தடவை போய் வரலாம். அந்தப் பகுதியில் டெனாய்னா பழங்குடி மக்கள் பல நூற்றாண்டுகளாக இதே சால்மனைப் பிடித்து வாழ்ந்திருக்கிறார்கள். அவர்கள் மொழியில் இந்த ஆற்றுக்குக் காட்னு என்று பெயர்.

இனி சாமான்

எட்டாம் அல்லது ஒன்பதாம் எண் ஃப்ளை ராட் சிறப்பு. ஃப்ளை என்பது மயிரிழை கட்டிய முள், எண் ராட்டின் பலத்தைச் சொல்வது. ஆனால் எட்டரை, ஒன்பதடி நீளமுள்ள கனமான ஸ்பின்னிங் ராட் ஒன்று வீட்டில் இருந்தால் அதுவே போதும். நரம்பு 25 பவுண்டு தாங்க வேண்டும். நரம்பின் நுனியில் ஈயக்குண்டு, அதிலிருந்து மூன்று நான்கடி தள்ளி ஒற்றை முள், முள்ளில் சிவப்போ பச்சையோ கொஞ்சம் மயிரிழை. அவ்வளவுதான். ரஷ்யன் ஆற்றுப் பகுதி ஃப்ளை மட்டுமே அனுமதிக்கிற இடம்; அங்கே ஈயம் முள்ளிலிருந்து குறைந்தது 18 அங்குலம் தள்ளி இருக்க வேண்டும், முள்ளின் அளவுக்கும் வரம்பு உண்டு. சோல்டோட்னா கடைகளில் அந்த வாரத்துக்கு எது சரியோ அதைக் கட்டுக்கட்டாகத் தொங்கவிட்டிருப்பார்கள். ஊரிலிருந்து சுமந்து போகாதீர்கள். முள்ளை மட்டும் நிறைய வாங்குங்கள். அடிப்பாறை நாளைக்குக் குறைந்தது பத்தைத் தின்றுவிடும்.

மார்புவரை வருகிற ரப்பர் காலுறைச் சட்டை அவசியம். வேடர் என்பார்கள், நம் காதுக்கு வில்லும் அம்பும் வைத்திருப்பவர் போலக் கேட்கும். இடுப்பில் பெல்ட்டை இறுக்கிக் கட்டுங்கள். விழுந்தால் உள்ளே தண்ணீர் நிறையாமல் தடுப்பது அதுதான், இது பனிப்பாறை உருகி வருகிற தண்ணீர். அடிப்பாகம் ஃபெல்ட் என்ற அழுத்திய கம்பளி வைத்த காலணி அலாஸ்கா ஆறுகளில் 2012 முதல் தடை, ரப்பர் அடிதான்.

கண்ணாடி. வெயிலுக்கு அல்ல, பக்கத்து ஆள் சுண்டும் ஈயக்குண்டு உங்கள் கண்ணில் பாயாமல் இருக்க. எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

கரடி விரட்டும் மிளகாய்த் தெளிப்பானை விமானத்தில் எந்தப் பையிலும் கொண்டுபோக முடியாது. ஆங்கரேஜில் வாங்கி, திரும்பும்போது அடுத்து வருகிற யாருக்காவது கொடுத்துவிட்டு வாருங்கள். எனக்கும் ஒரு முறை அப்படித்தான் கிடைத்தது.

தண்ணீரில்

சாக்கை கடலில் நுண்ணுயிர்களையும் சின்னச் சின்ன இறால் வகைகளையும் வடிகட்டித் தின்கிற மீன். ஆற்றுக்குள் வந்தபின் அதற்குப் பசியே இல்லை. ஆகவே இரை போட்டு ஏமாற்றுகிற வேலை இங்கே எடுபடாது. அது எதிரோட்டத்தில் வாயைத் திறந்து மூடி ஏறிவரும் பாதையில் உங்கள் நரம்பை ஓடவிட்டு, வாயோரம் முள் மாட்டச் செய்வதுதான் இங்கே வழக்கம். இதெல்லாம் மீன்பிடிப்பா என்று முகம் சுளிக்கிற வித்தகர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயமும் உண்டு. ஆனால் சாப்பாட்டுக்குப் பிடிக்கிற மீன் இது, எனக்கு அதில் உறுத்தல் இல்லை.

புதியவர்கள் எல்லோரும் செய்கிற பிழை ஒன்று: இடுப்பளவுக்கு இறங்கி, ஆற்றின் நடுவைப் பார்த்து தூர வீசுவது. இரண்டாம் பயணத்தின் முதல் காலையில் நானும் அப்படித்தான் நின்றேன். எழுபது வயதிருக்கும் ஒரு அம்மா, முழங்கால் நனையாமல் நின்றபடி, மூன்றாவது மீனை இழுத்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, நீ மீன் மேலேயே நிக்கிற." அவர் சொன்னது ஆங்கிலத்தில்தான், எனக்குக் கேட்டது இப்படி. நடு ஆற்றில் ஓட்டம் பலம். பயணக் களைப்பில் இருக்கும் சாக்கை, ஓட்டம் தளர்ந்த கரையோரமாகத்தான், இரண்டு மூன்றடி ஆழத்தில் ஏறிவரும். கணுக்கால் அளவில் நில்லுங்கள். தெளிவான இடமாக இருந்தால் சாம்பல் நிழல்கள் காலடியிலேயே நகர்வது தெரியும்.

ஆற்றைப் பார்த்து நின்றால் எதிரே கடிகாரத்தின் பன்னிரண்டு. ஓட்டம் இடமிருந்து வலம் என்று வையுங்கள். ராட் நீளத்தைவிடச் சற்றே அதிகமாக நரம்பை விட்டு, பத்து மணித் திசையில் சுண்டிப் போடுங்கள். வீச வேண்டாம், சுண்டினால் போதும். ஈயம் அடித்தரையைத் தொட்டு டொக்... டொக்... டொக்... என்று கல்லில் தட்டியபடி உருள்வது கையில் தெரியும். அந்தத் தட்டல் இல்லை என்றால் ஈயம் போதவில்லை. நின்றே போய்விட்டால் ஈயம் அதிகம். ஒன்றரை, இரண்டு மணித் திசைக்கு வந்ததும் நரம்பு இறுகும். கரைப்பக்கமாக ராட்டை ஒரு இழுப்பு இழுத்து, மறுபடி பத்து மணிக்கு. நிமிடத்துக்கு ஐந்தாறு முறை. மாவாட்டுவது மாதிரி ஒரு தாளம் வந்துவிடும். தாளம் வந்தபின்தான் மீன் வரும்.

டொக் டொக் நின்று நரம்பு கனத்தால் அது கல்லாகவும் இருக்கலாம். கல் தலையை ஆட்டாது. ஆட்டினால் "ஃபிஷ் ஆன்!" என்று கத்துங்கள். இது பெருமைக்காக அல்ல. பக்கத்தில் இருப்பவர்கள் நரம்பைச் சுருட்டிக்கொண்டு வழி விடுவார்கள். அவர்கள் கத்தும்போது நீங்களும் அதையே செய்ய வேண்டும். மீனோடு நடு ஆற்றில் சண்டை போடாதீர்கள். ராட்டைத் தாழ்த்திக் கரைப்பக்கமாகச் சாய்த்து, இரண்டடி பின்வாங்கி, மீனின் வேகத்தையே பயன்படுத்திக் கரையோரத்துக்குக் கொண்டுவந்து கைவலையில் ஏந்துங்கள். அது ஓட்டத்தோடு கீழே பாய்ந்து பத்து பேரைத் தாண்டிவிட்டால், நரம்பை அறுத்துவிடுவதுதான் மரியாதை.

கடலிலிருந்து புதிதாக வந்த மீன் வெள்ளி போல மின்னும். மேலே ஏற ஏற உடல் சிவந்து தலை பச்சையாகும். படத்துக்கு அழகு, சட்டிக்கு ஆகாது. சதை வெளிறி நெகிழ்ந்திருக்கும். நல்ல சிவப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள், அது போய் முட்டையிடட்டும்.

பிடித்தபின்

பாதி வேலை இப்போதுதான் தொடங்குகிறது. மீனின் தலையில் கட்டையால் ஒரே அடி, பிறகு ஒரு பக்கச் செவுளைக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். வாய் வழியாகக் கயிறு கோத்து ஐந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் விட்டால் ரத்தம் முழுக்க வடிந்துவிடும். இதைச் செய்த மீனுக்கும் செய்யாத மீனுக்கும் உள்ள வித்தியாசம் குழம்பில் தெரியும். பிறகு நேரே ஐஸ் பெட்டிக்கு.

கயிற்றில் கோத்த மீனைக் கைக்கெட்டும் தூரத்திலேயே வையுங்கள், சாப்பாட்டுப் பையையும் அப்படியே. கரடி வந்தால் சத்தமாகப் பேசிக்கொண்டே, ஓடாமல், மீனோடு பின்வாங்குங்கள். நரம்பில் மீன் துள்ளிக்கொண்டிருந்தால் அறுத்துவிடுங்கள். அந்தச் சளசளப்புதான் கரடிக்குச் சாப்பாட்டு மணி. ஆற்றங்கரையில் சுத்தம் செய்தால் எலும்பையும் தலையையும் துண்டு துண்டாக நறுக்கி வேகமான ஓட்டத்தில் வீச வேண்டும். தேங்கிய நீரில் முழுசாகப் போட்டால் அடுத்து வருபவருக்குக் கரடியை விட்டுச் செல்கிறீர்கள்.

தலையை நான் வீசுவதில்லை. புளியும் குழம்புத்தூளும் ஊரிலிருந்தே கொண்டுபோவேன். சோல்டோட்னா கடையில் மற்றதெல்லாம் கிடைக்கும், புளி கிடைத்ததில்லை. குழம்பு நன்றாகக் கொதித்து எண்ணெய் பிரிந்தபின் கடைசி ஐந்து நிமிடத்தில் மீனைப் போடுங்கள். வஞ்சிரம் நினைப்பில் கொதிக்கவிட்டால் சாக்கை பஞ்சு போலாகிவிடும். பச்சையாகச் சாப்பிட ஆசை என்றால், காட்டு சால்மனில் புழு இருக்கும். மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் ஏழு நாள் உறைந்தபின்தான்.

மிச்சத்தை ஊருக்குக் கொண்டுபோக, சோல்டோட்னாவிலும் ஆங்கரேஜிலும் உங்கள் மீனை வாங்கிக்கொண்டு, சுத்தம் செய்து, காற்று நீக்கி உறையிட்டு, கட்டியாக உறையவைத்துத் தரும் கடைகள் உண்டு. ஜூலையில் அங்கேயும் வரிசை. அதனால் மீன்பிடிப்பைக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே முடித்துக்கொள்ளுங்கள். மூன்று கிலோ மீனில் பாதிக்குச் சற்று மேல்தான் சதை என்று கணக்கு வைத்தால் எத்தனை பெட்டி என்று தெரிந்துவிடும். ஒரு பெட்டி 50 பவுண்டுக்குள், அதாவது 23 கிலோவுக்குள், இருந்தால் சாதாரண செக்-இன் பெட்டியாகப் போகும். உலர்பனி வைத்தால் ஆளுக்கு இரண்டரை கிலோதான், அதையும் விமான நிறுவனத்திடம் சொல்ல வேண்டும். நன்றாக உறைந்து, தெர்மக்கோல் பெட்டியில் நெருக்கி அடுக்கினால் அதுவும் தேவைப்படாது.

பெட்டியின் நான்கு பக்கமும் உங்கள் பெயரைத் தடித்த பேனாவால் எழுதி, கலர் டேப் ஒன்றையும் சுற்றுங்கள். ஜூலைக் கடைசியில் ஆங்கரேஜிலிருந்து வருகிற விமானத்தில் பாதிப் பேர் மீனோடுதான் வருவார்கள், பெல்ட்டில் வரிசையாக வருகிற பெட்டிகள் எல்லாம் ஒரே மாதிரி வெள்ளை அட்டைதான்.